எங்கள் வீட்டுக்கு வந்த வாயில்லாச் சீவன்

நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கேட்கும்போதெல்லாம், விலகிப் போன குருவையும் லேவியனையும் மனத்துக்குள் கடிந்துகொள்கிறோம். ஆனால் வழியோரத்தில் உண்மையாகவே ஓர் உயிர் அடிபட்டுக் கிடக்கும்போது, நம் கால்களும் தாமாகவே விலகி நடக்கின்றன. 2022ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து வீடு திரும்பிய எங்கள் கால்களும் அப்படித்தான் விலகின. எங்களைத் தடுத்து நிறுத்தியவள், அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள்.

தேநீர்க் கடை ஓரத்தில், சாக்கடையை ஒட்டி, செம்பழுப்பு நிற நாய் ஒன்று கிடந்தது. விடியற்காலையில் சரக்கு வண்டி ஒன்று மோதிவிட்டுப் போனதைக் கடைக்காரர் பார்த்திருந்தார். எழுந்திருக்க முயன்று, முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு இரண்டடி நகர்ந்தது. பின்னங்கால்கள் துணிபோல் பின்னால் வந்தன. "தெரு நாய்தான் சார், பொழுதுக்குள் போய்விடும்" என்றார் கடைக்காரர். "போகாவிட்டால்?" என்று கேட்டாள் மகள். அந்தக் கேள்விக்கு எங்கள் எவரிடமும் விடை இல்லை.

மருத்துவரின் முதற் கேள்வி

முதுகில் அடிபட்ட பிராணியை அள்ளித் தூக்கக் கூடாது. தூக்கினால் உடைந்த எலும்பு மேலும் விலகக்கூடும். கடைக்காரர் தம் உடைந்த பெஞ்சின் பலகையைக் கொடுத்தார். வலியில் துடிக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும் என்பதால், மூச்சு தடைபடாதபடி அதன் வாயைத் துணிப்பட்டியால் கட்டி, பலகை மீது மெல்ல நகர்த்தினோம். ஆட்டோக்காரர் முதலில் தயங்கினார்; பிறகு தாமே ஒரு சாக்கை விரித்தார்.

கால்நடை மருத்துவர் நாயைத் தொடுவதற்கு முன்னரே எங்களைக் கேட்ட கேள்வி இது: "யாரையாவது கடித்ததா? நகம் கீறியதா? காயத்தில் உமிழ்நீர் பட்டதா?" நாங்கள் வியந்தோம். அவர் விளக்கினார். வெறிநோய் என்றவுடன், நுரை தள்ளிக்கொண்டு துரத்தும் நாயே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்நோய் சில நாய்களில் வெறியைக் காட்டாமல் முடக்கமாகவே வெளிப்படுவதுண்டு. தாடை தொங்கி, கால் தளர்ந்து, பாவமாய்ப் படுத்திருக்கும் நாயும் வெறிநோய் கண்டதாக இருக்கலாம். இரக்கத்தோடு அதன் வாயைத் திறந்து நீரூற்றுகிறவருக்கே பெரும் ஆபத்து.

எங்கள் நாய் வண்டியில் அடிபட்டதற்குக் கண்கண்ட சாட்சி இருந்தது. ஆயினும் பலகையில் ஏற்றும்போது எங்கள் மகனின் கையில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதனைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் செய்து, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கும்படி பணித்தார். நாயைப் பத்து நாள் தனியே வைத்துக் கவனிக்கவும் சொன்னார். 1885ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இட்ட அந்த ஊசியின் வழிவந்த மருந்து, இன்று நம் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. நோயின் அறிகுறி தோன்றிய பின்னரோ, அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. ஆகவே "சின்னக் கீறல்தானே" என்று இருந்துவிடுவது அன்பாகாது, அறியாமை.

மறுநாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தது. பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தியபோது நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலும் தெரியவந்தது. "இது இனி நடக்காது. ஆனால் வாழலாம், வாழவைக்கிற உழைப்பு உங்களுடையது. முடியாது என்றால் இன்றே சொல்லிவிடுங்கள், வேதனையின்றி முடித்துவிடலாம். பாதியில் கைவிடுவதுதான் கொடுமை" என்றார் மருத்துவர். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பலகையில் கிடந்த நாய், மகளின் கையை நக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மகன் அதற்கு மணி என்று பெயரிட்டான்.

தாயாரின் கேள்வி

வீட்டில் எங்களை எதிர்கொண்டது மகிழ்ச்சியன்று. எழுபத்தாறு வயதான எங்கள் தாயார் திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு செபமாலை முடிந்ததும் கேட்டார்கள்:

"எதிர்வீட்டுக்காரி கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு நிற்கிறாள். அவளுக்கு ஒரு மாத அரிசி வாங்கிக் கொடுக்க உங்களுக்குக் கை வரவில்லை. நாய்க்கு எக்ஸ்ரே எடுக்கக் கை வந்துவிட்டதா?"

நாங்கள் தலைகுனிந்தோம். சினம் வந்தது உண்மை; ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் அதைவிடப் பெரிதாயிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பங்குத் தந்தையிடம் போய்ச் சொன்னோம். அவர் நகைக்கவுமில்லை, எங்களைப் புகழவுமில்லை. 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து, விலங்குகளைப் பற்றிய 2416 முதல் 2418 வரையிலான பகுதிகளைக் காட்டினார்.

விலங்குகள் கடவுளின் படைப்புகள். அவற்றுக்கு நாம் கனிவு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்புக்கே இழுக்கு என்பது அங்கே உள்ள போதனை. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லப்பட்டிருக்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது; விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கே உரிய அன்பை அவற்றுக்குத் திருப்பிவிடக் கூடாது. "உங்கள் தாயார் பாதியைச் சொன்னார்கள், உங்கள் மகள் மறுபாதியைச் செய்தாள். இரண்டையும் சேர்ப்பது உங்கள் பொறுப்பு" என்று அனுப்பிவைத்தார் தந்தை.

சேர்க்கும் வழியைச் சொன்னவரும் தாயார்தாம். "நாய்க்கு ஒரு ரூபாய் செலவழித்தால் ஏழைக்கும் ஒரு ரூபாய் எடுத்து வையுங்கள். அப்புறம் நான் வாய் திறக்கமாட்டேன்." அன்று மாலையே காலியான பால்மாவு டப்பா ஒன்று, மூடியில் துளையிடப்பட்டு, திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே இடம்பெற்றது. எக்ஸ்ரேக்குக் கொடுத்த தொகைக்கு ஈடான தொகையே அதில் விழுந்த முதற் காணிக்கை.

இரட்டைச் செலவு எங்கள் ஒற்றைச் சம்பளத்தில் எளிதாயிருக்கவில்லை. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் புத்தாடை எடுக்கவில்லை. ஞாயிறு கறி, மாதம் ஒரு முறையாயிற்று. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் மாதக் கடைசியில் டப்பாவைத் திறந்து, எதிர்வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோனவர்கள் அவர்களே. அந்த முணுமுணுப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

அன்றாட ஊழியம்

இடுப்புக்குக் கீழே உணர்வற்ற நாய் தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. நீர்ப்பை நிரம்பி வழியும். உள்ளே தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே வயிற்றின் இருபுறமும் கை வைத்து, நீர்ப்பையைக் கண்டுணர்ந்து, மெல்ல, விடாமல் அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. மருத்துவர் எங்கள் கையின் மேல் தம் கையை வைத்துக் கற்றுக்கொடுத்தார். முதல் வாரம் எங்களுக்கு வரவேயில்லை. பயத்தில் கை நடுங்கும். பிறகு இருட்டிலும் செய்யப் பழகினோம். நாயின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றக்கூடும். எனவே கையுறை அணிவதையும், பின்பு சோப்பிட்டுக் கழுவுவதையும் ஒரு நாளும் விட்டதில்லை.

அடுத்தது படுக்கைப்புண். ஒரே பக்கமாய்க் கிடந்தால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும், கருக்கும், பிறகு குழிவிழும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்பினோம். பழைய புடைவைகளைப் பல மடிப்பாக்கித் தைத்து மெத்தையிட்டோம். ஈரம் பட்டவுடன் கழுவித் துடைத்து, மருத்துவர் கொடுத்த களிம்பைத் தடவினோம். அப்படியிருந்தும் மழைக்காலத்தில் இருமுறை புண் வந்தது. ஒருமுறை ஈ மொய்த்துப் புழுவும் வைத்தது. ஒரே இரவு அசட்டையாயிருந்ததன் விலை, மூன்று வார வைத்தியம்.

உண்ணிக் காய்ச்சலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரையை உணவுக்குப் பின், நான்கு வாரம் தொடர்ந்து கொடுக்கும்படி மருத்துவர் எழுதியிருந்தார். பத்தாம் நாளே மணி உற்சாகமாகிக் குரைக்கத் தொடங்கியது. "குணமாகிவிட்டது" என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிட்டோம். மூன்று வாரம் சென்றதும் ஈறு வெளுத்தது; மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துபோயிருந்தன. மீண்டும் முதலிலிருந்து வைத்தியம். உண்ணி நாயின் மேல் மட்டும் வாழ்வதில்லை. பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே நாய்க்கு மருந்திட்டதோடு, பின்கட்டுச் சுவரின் வெடிப்புகளையும் சுண்ணாம்பு கொண்டு அடைத்தோம்.

மற்றொரு சமயம் காய்ச்சலுக்கு, வீட்டிலிருந்த பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்க முனைந்தோம். நல்ல வேளையாக மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டோம். மனிதருக்குரிய வலி மாத்திரைகள் நாயின் கல்லீரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை என்று தடுத்தார். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நான்காம் மாதம், எங்கள் தெருவில் குழாய் வேலை செய்யும் ஒருவர் மணி தவழ்வதைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளையும், பழைய மூன்று சக்கர மிதிவண்டியின் இரு சக்கரங்களையும் கொண்டு ஒரு சிறு வண்டி செய்து வந்தார். பின்னுடலை அதில் தாங்கவைத்து வாரால் கட்டினோம். மணி திகைத்து நின்றது. ஓரடி வைத்தது, சக்கரம் உருண்டது. மறுகணம் தெருக்கோடிவரை ஓடியது! கூலி வாங்க மறுத்த அவர், "அந்த டப்பாவில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிச் சென்றார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர்.

புனிதர்கள் காட்டிய வழி

ஆலயங்களில் புனித ரோக்குவின் சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள்: தொடையில் புண், அருகே வாயில் அப்பத்தோடு ஒரு நாய். கொள்ளை நோயாளருக்கு ஊழியம் செய்து தாமும் நோயுற்று, காட்டில் ஒதுங்கிக் கிடந்த அவருக்கு ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டுவந்ததாக மரபு கூறுகிறது. தோபித்து ஆகமத்திலும், வானதூதர் இரபேலோடு இளைஞன் தோபியா புறப்படும்போது, நாய் ஒன்று உடன் செல்கிறது. இரபேல் என்னும் பெயருக்குக் 'கடவுள் குணமளிக்கிறார்' என்பது பொருள். குணமளிக்கும் அந்தப் பயணத்தில் நாய்க்கும் இடமிருந்தது.

எனினும் எங்களுக்கு மிகவும் நெருக்கமானவர், தென் அமெரிக்காவின் லீமா நகரில் 1579 முதல் 1639 வரை வாழ்ந்த புனித மார்ட்டின் தெ போரஸ். கறுப்பினத் தாய்க்குப் பிறந்து, இழிவுகளைத் தாங்கி, தொமினிக்கன் மடத்தில் சகோதரராய் நோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர். 1962ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். காயம்பட்ட நாய்களையும் பூனைகளையும் தம் சகோதரியின் வீட்டில் வைத்துப் பேணினார் என்று அவர் வரலாறு சொல்லுகிறது. அதே கைகள்தாம் பகலெல்லாம் ஏழைகளுக்கு உணவு பரிமாறின. அடிமைகளின் புண்களைக் கழுவின. நாயை நேசித்ததால் அவர் மனிதரை மறக்கவில்லை. மனிதரை நேசித்துப் பழகிய இரக்கம், நாயைக் கண்டபோதும் நின்றுவிடவில்லை. அவ்வளவே.

கற்ற பாடம் பயன்பட்ட நாள்

2023ஆம் ஆண்டு நவம்பரில் எங்கள் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல வாரங்கள் படுக்கையிலேயே இருக்கவேண்டியதாயிற்று. செவிலியர் சொல்லுமுன்பே பதினான்கு வயதான எங்கள் மகன், "அப்பத்தாவை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்?" என்று கேட்டான். குதிகாலும் முதுகுத்தண்டின் அடியும் சிவந்திருக்கின்றனவா என்று காலையும் மாலையும் பார்த்தான். படுக்கைக் கலத்தை எடுக்க முகம் சுளிக்கவில்லை. அவ்வயதுப் பிள்ளைகள் இவற்றைக் கண்டு ஓடிவிடுவதுதான் வழக்கம்.

ஒருநாள் அவன் முதுகைத் துடைத்துவிடும்போது தாயார் சிரித்தார்கள். "நாயைப் பார்த்துப் பழகிய கை, எனக்கு என்ன குறை வரப்போகிறது!" என்றார்கள். எங்களுக்குக் கண் கலங்கியது. அத்தனை நாளும் மணியைப் பெயர் சொல்லி அழைக்காதவர்கள், அன்று மாலை, "மணி சாப்பிட்டதா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு புண்ணும் வரவில்லை. தவக்காலத்தில் ஊன்றுகோலோடு எழுந்து நடந்தார்கள்.

விடை கொடுத்தல்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் மணி உணவை மறுத்தது. வாந்தி எடுத்தது, வாயில் புண்ணும் நாற்றமும் உண்டாயின. எத்தனை கவனமாயிருந்தும் அடுத்தடுத்து வந்த நீர்த்தொற்றுகளால் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டிருந்தன. ஐந்து நாள் ஊசி வழியே நீரேற்றியும் பயனில்லை. மருத்துவர் முதல் நாள் சொன்னதையே மீண்டும் சொன்னார்: இனி மிஞ்சியிருப்பது வேதனை மட்டுமே.

அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உறங்கவில்லை. "அப்பத்தா படுத்திருந்தபோது யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பீர்களா?" என்று கேட்டாள் மகள். பிள்ளைகள் கேட்கும் இத்தகைய கேள்வியைப் பெற்றோர் தட்டிக்கழிக்கக் கூடாது. நாங்கள் சொன்னோம்: "இல்லை, ஒருநாளும் ஒப்பமாட்டோம். மனிதன் கடவுளின் சாயல். அவனுடைய உயிரை முடிக்க எவருக்கும் உரிமையில்லை. நோயிலும் முதுமையிலும் அவனுடைய மாண்பு குறைவதில்லை. விலங்கோ நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட உயிர். தன் வேதனைக்குப் பொருள் காண அதற்கு இயலாது. நம்முடைய மனநிறைவுக்காக அதன் துன்பத்தை நீட்டுவதும் ஒருவகைத் தன்னலமே." அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் கூட இருக்கலாமா?" என்றாள். இருந்தாள். முதலில் உறங்கவைத்து, பிறகு அதிக அளவு மயக்க மருந்தைச் செலுத்தினார் மருத்துவர். மணியின் தலை அவள் மடியில் இருந்தது.

கிணற்றுக்கு எட்டத்தில், முருங்கை மரத்துக்கப்பால் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தோம். மணிக்காகச் செபிக்கலாமா என்று பிள்ளைகள் பங்குத் தந்தையைக் கேட்டார்கள். "மணியைக் கொடுத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள், அது நல்ல செபம்" என்றார் அவர். அன்றிரவு செபமாலையில் ஒரு பத்துமணியை நன்றியாக ஒப்புக்கொடுத்தோம். அதைத் தொடங்கிவைத்தவர்கள் எங்கள் தாயார்.

அன்பர்களுக்கு ஒரு வார்த்தை

தெருவில் கிடக்கும் நாயையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் அது இயலாது. இயலாததை ஏற்றுப் பாதியில் விடுவது இரக்கமாகாது. அடிபட்ட விலங்கை அரசுக் கால்நடை மருத்துவமனையில் சேர்ப்பதும், தெரு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் நடைபெற உதவுவதும், வாசலில் ஒரு சட்டி நீர் வைப்பதும் எல்லார்க்கும் இயலும். ஏற்க முடிந்தவர்களோ, குடும்பம் முழுவதும் கூடிப் பேசி, செலவையும் நேரத்தையும் கணக்கிட்டு, நல்ல மருத்துவர் ஒருவரின் சொற்படி நடப்பார்களாக.

அத்துடன், ஒரு டப்பாவும் வைத்துக்கொள்வார்களாக.

எங்கள் டப்பா இன்னும் திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழேதான் இருக்கிறது. மணி போனபின், "இனி இதற்கு எந்தக் கணக்கில் போடுவது?" என்று கேட்டோம். "மணி இருந்தால் இந்த மாதம் எவ்வளவு ஆகியிருக்குமோ, அவ்வளவு" என்றான் மகன். மாதந்தோறும் அது பங்கிலுள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபையாரின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.